இது உங்க பம்பு தண்ணி

பிப்ரவரி 10, திங்கள்

நாளைக்கு நாவக்கொல்லையில் பயிற்சி. முப்பது பெண்கள், ஒரே நாள். பத்து மணிக்குக் கூப்பிட்டால் பதினொன்றரைக்கு வருவார்கள். சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேர் ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும் என்று எழுந்துவிடுவார்கள். அதற்குள் கழிப்பறைக் குழி, கை கழுவுதல், தண்ணீர் சோதனை மூன்றையும் மண்டையில் ஏற்றி, இனிமேல் இந்த ஊருக்கு நீங்கள்தான் சுகாதாரத் தன்னார்வலர்கள் என்று ஒரு பேட்ஜும் குத்தி அனுப்ப வேண்டும். பதினாறு வருஷமாக இதுதான் என் வேலை. தா.பழூர் வட்டாரத்தில் நான் மிதிக்காத தெரு இல்லை.

பையை அடுக்கும்போது என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் கேட்டார்: "என்ன மேரி, ஒன் கறுப்பு பாட்டில எடுத்து வச்சிட்டியா?" கிண்டல்.

அந்த பாட்டிலைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை போல. தண்ணீர் சோதனைக்கு எங்களுக்கு ஒரு சின்ன பாட்டில் தருவார்கள். உள்ளே மருந்து. கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மூடி வைத்தால், மலக்கிருமி இருக்கும் தண்ணீர் மை மாதிரி கறுத்துவிடும். நல்ல தண்ணீர் கறுக்காது. தொல்லை என்னவென்றால், கறுப்பதற்கு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். பயிற்சியோ ஒரு நாள். நாளை மறுநாள் கறுத்தால் அதைப் பார்க்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? அதனால் நாலு வருஷமாக எங்கள் வீட்டுப் பின்பக்கச் சாக்கடையிலிருந்து நானே ஒரு பாட்டில் பிடித்து, கறுக்க வைத்துக் கையோடு எடுத்துப்போகிறேன். "இது ஒரு ஊரு பம்புல புடிச்சது, பாருங்க" என்று தூக்கிக் காட்டுவேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அதற்கப்புறம் ஒருத்தர் கொட்டாவி விட மாட்டார்.

பொய்தான். ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பிப்ரவரி 11, செவ்வாய்

என்ன நாள்! கால் வலி கூடத் தெரியவில்லை.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு அம்மா பார்க்க வந்திருந்தார். கூடவே எங்கள் மேலாளர் ஜெயப்பிரகாஷ் சார், என்னைவிடப் பத்து வயது சின்னவர், வாயெல்லாம் பல்லாக. மத்தியானம் வரைக்கும் வகுப்பு இழுத்தது. தயிர்சாதம் சாப்பிட்டதும் முன் வரிசையிலேயே இரண்டு பேர் தூங்கி வழிந்தார்கள். சென்னை அம்மா போனைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்துவிட்டது. பாட்டிலைத் தூக்கினேன். "ஒரு ஊரு பம்புல" என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

"இது உங்க பம்பு தண்ணி. முந்தாநாள் நானே வந்து புடிச்சிட்டுப் போனேன்."

ஒரே கூச்சல். வடக்குத் தெரு அடிபம்பா? ஆமாம், அதுதான் என்றேன். மேல்தொட்டித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று தெருவே குடிக்க அந்தப் பம்பில்தான் அடிக்கிறது. சென்னை அம்மா போனை உள்ளே வைத்துவிட்டார்.

அப்படியே எல்லோரையும் தெருவுக்கு அழைத்துப் போனேன். கழிப்பறைக் குழிக்கும் குடிதண்ணீருக்கும் முப்பத்து மூன்று அடியாவது தள்ளி இருக்க வேண்டும், டேப்பைப் பிடியுங்கள் என்றேன். பம்புக்குப் பக்கத்தில் இருப்பது கலியம்மாள் வீட்டுக் கழிப்பறையின் இரட்டைக் குழி. என் மாணவிகளிலேயே கெட்டிக்காரி அவள்தான், நான் எப்போது வந்து கூட்டம் போட்டாலும் சொல்வதையெல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வாள். அவள் புருஷன் முத்துசாமிக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விளங்காமல் போனபோது, தெருவிலேயே முதல் ஆளாகக் கழிப்பறை கட்டினாள். நாற்காலி மாதிரி உட்காரும் கோப்பை, பிடித்து எழ இரண்டு பக்கமும் கம்பி. டேப்பின் முனையை அவளே பிடித்து, அவளே சத்தமாகப் படித்தாள்: "இருபத்தெட்டு அடி, மேடம்."

சரியாக அளந்ததற்கு அவளுக்குக் கைதட்டச் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருக்கும் படத்தை ஜெயப்பிரகாஷ் சார் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். "ஒரே நாளில் விழித்த கிராமம்." காலையிலிருந்து நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

நாவக்கொல்லையிலிருந்து வளர்மதி போன் செய்தாள். அந்தத் தெருத் தன்னார்வலர்கள் ஐந்து பேரில் ஒருத்தி. குரலில் அவ்வளவு பெருமை. "மேடம், நீங்க சொன்ன மாதிரியே ஆக்‌ஷன் எடுத்துட்டோம்."

பம்புக் கைப்பிடியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்களாம். இப்போது காசிநாதன் வயல் மோட்டாரில் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். காசிநாதன் வார்டு மெம்பர். தெருக்கூட்டம் போட்டு, கலியம்மாள் வீட்டுக் கக்கூஸால்தான் தண்ணீர் கெட்டது என்று பேசியிருக்கிறார்கள். போன வருஷம் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, அதுவும் இதனால்தான் என்று முடிவாகிவிட்டது.

"கலியம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மேடம். அன்னிக்கே கக்கூஸப் பூட்டிட்டாங்க."



பிப்ரவரி 21, வெள்ளி

இருபத்தெட்டு அடி, முப்பத்து மூன்றைவிடக் குறைவுதானே? பாட்டில் பொய்யாக இருக்கட்டும், விதி பொய்யா? நாளைக்கே அந்தத் தண்ணீர் கெட்டுப்போகலாம். யார் கண்டது, இப்போதே கூடக் கெட்டிருக்கலாம். நான் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

எழுதியதைப் படித்தால் எனக்கே சகிக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

போனேன். போகாமல் இருக்க நாலு நாள் காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கலியம்மாள் வாசலில் முந்திரிக்கொட்டை காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கும்பிட்டாள். எப்போதும் சிரிப்பாள். கும்பிட்டதே இல்லை.

"மன்னிச்சுக்குங்க மேடம். மூணு வருஷமா இந்தத் தெருவுக்கே என் வூட்டுப் பீத்தண்ணியக் குடுத்திருக்கேன். நீங்க சொல்லித்தான் தெரிஞ்சுது."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். என்னிடம்!

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. அன்றைக்குக் கேட்காமலே பொய்யைக் கொட்டின வாய், இன்றைக்கு உண்மையைச் சொல்லத் திறக்கவில்லை. "பரவால்ல, உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றேன். பெருந்தன்மையாக. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்காரரை எப்படிப் பார்த்துக்கிறீங்க என்று கேட்டேன். பொழுது விடியுமுன் மாமியார் வீட்டுத் தள்ளுவண்டியில் உட்கார வைத்து முந்திரிக் கொல்லைக்குக் கொண்டுபோகிறாளாம். அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, அவள் தோள்தான். இரண்டு தடவை இரண்டு பேருமாக விழுந்துவிட்டார்கள். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ராத்திரி சோறு வேணாங்கிறாரு. தின்னா காலைல உன்னத்தான் படுத்தணும்ங்கிறாரு."

முத்துசாமி உள்ளே கட்டிலில் இருந்தார். வாங்க என்பது போல நல்ல கையை ஆட்டினார். எனக்கு அவர் முகத்தில் முழிக்கத் தெம்பில்லை.

கிளம்பும்போது பம்புச் சங்கிலியை வளர்மதியை அவிழ்க்கச் சொல்லி, சும்மா ஒரு மறு சோதனை என்று இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 27, வியாழன்

இரண்டும் கறுக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்று நாள் ஆகிவிட்டது. கறுக்கவே இல்லை. கறுக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு தெருவே குடிக்கிற தண்ணீரில் பீ இருக்கட்டும் என்று ஜெபம் பண்ணியிருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 1, சனி

ஜெயப்பிரகாஷ் சாரிடம் சொன்னேன், முழுக்க. பேனாவைத் திருகிக்கொண்டே கேட்டார். பிறகு, "இத இதோட வுட்டுடுங்க மேடம். பிளீச்சிங் பவுடர் போட்டோம், இப்ப தண்ணி சுத்தம்னு சொல்லி பம்பத் தொறந்து வுட்டுடலாம். பாட்டில் பொய்னு சொன்னா நாளைக்கு எந்த ஊருல நம்மள உள்ள விடுவான்?"

எனக்கு அது பிடித்திருந்தது. அதுதான் வெட்கம்.

மார்ச் 3, திங்கள்

பிளீச்சிங் பவுடரைக் கரைத்துப் பம்பில் ஊற்றினேன். தெருவே நின்று பார்த்தது. சங்கிலியை அவிழ்த்தார்கள். தண்ணீர் இப்போது சுத்தம் என்று என் பாட்டில்களைக் காட்டினேன். கறுக்காத பாட்டில்கள். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று, இந்தத் தடவை உண்மையான பாட்டிலை வைத்துக்கொண்டு.

கலியம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப நான் தொறந்துக்கலாமா மேடம்?"

நான் வாயைத் திறக்குமுன் காசிநாதன் முந்திக்கொண்டார். "அது எப்படிம்மா? நீ தொறந்தா மறுபடி கெட்டுப் போவும். மேடம் வந்து வந்து மருந்து ஊத்திக்கிட்டு இருப்பாங்களா? வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு குழியயும் மண்ணு போட்டு மூடிடுவோம். என்ன மேடம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல் ஒரு ஆட்டு. அதை அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

வரதராஜன்பேட்டைக் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "பொய் சொன்னேன் ஃபாதர்" என்றேன். என்ன பொய், யாரிடம், என்ன ஆச்சு, எதுவும் சொல்லவில்லை. வரிசை நீளம், அவரும் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன்.

அங்கேயும் ஏமாற்றிவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

கலியம்மாள் போன் செய்தாள். குழியை மூடுவதற்கு முறை ஏதாவது இருக்கிறதா, சும்மா மண்ணைத் தள்ளினால் போதுமா, தண்ணீருக்கு மறுபடி ஒன்றும் ஆகிவிடக் கூடாதே, மேடத்தைக் கேட்டுச் செய்யலாம் என்று நினைத்தாளாம். நோட்டும் பேனாவுமாக இருக்கிறேன், சொல்லுங்க என்றாள்.

நான் சொன்னேன். அய்யோ, நான் சொன்னேன்! முதலில் சுண்ணாம்பு ஒரு அடுக்கு, மேலே மண், இறுக்கி மிதிக்கணும், அதுக்கு மேல இன்னொரு அடுக்கு. "கொஞ்சம் மெதுவா மேடம்" என்றாள். மெதுவாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

எப்படிடி சொன்ன? மனுஷியா நீ?

மார்ச் 8, சனி

பெண்கள் தின விழா. வட்டாரத்தின் சிறந்த பயிற்றுநர் என்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சென்னை அம்மா அந்த பாட்டில் உத்தியை மற்ற பயிற்றுநர்களுக்கும் நான் கற்றுத்தர வேண்டும் என்று மைக்கில் சொன்னார். உத்தி என்றுதான் சொன்னார். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சால்வையைக் கட்டிலில் போட்டுவிட்டு அழுதேன். ஆல்பர்ட் பயந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "நாளைக்குப் பூசைக்குப் போவ வேணாம். வண்டிய எடுக்கிறேன், காலைல அங்க போயிடுவோம்" என்றார். அவர் அதைச் சொல்லட்டும் என்றுதான் அவரிடம் அழுதேனோ என்னவோ.

மார்ச் 9, ஞாயிறு

ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சீக்கிரம் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு குழி ஏற்கெனவே மூடியாகிவிட்டது. சுண்ணாம்பு ஒரு அடுக்கு, மேலே மண், இறுக்கி மிதித்து, நான் சொன்ன மாதிரியே. இரண்டாவதன் மூடியைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார்கள். கலியம்மாள் ஒரு கூடை மண்ணோடு நின்றாள்.

"நிறுத்துங்க" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

சொன்னேன். அந்தக் கறுப்பு பாட்டில் இந்த ஊர்த் தண்ணீர் இல்லை. என் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர். பயிற்சிக்கு இரண்டு நாள் முன்னால் நான் இங்கே வரவே இல்லை. நீங்கள் தூங்கி வழிந்தீர்கள், மேலிடத்திலிருந்து ஆள் வந்திருந்தார்கள், எனக்குப் பெயர் வாங்கணும் என்று இருந்தது. பிறகு உங்கள் பம்பில் நிஜமாகவே சோதித்தேன், நல்ல தண்ணீர். அதற்கப்புறமும் சொல்லவில்லை. பிளீச்சிங் பவுடர் ஊற்றியதும் நாடகம். இருபத்தெட்டு அடி விதிக்குக் குறைச்சல்தான், அடிக்கடி சோதித்துக்கொண்டே இருக்கணும். ஆனால் கலியம்மா யாருக்கும் எந்தக் கெடுதலும் பண்ணவில்லை. பண்ணினது நான்.

எழுதும்போது ஒழுங்காக வருகிறது. சொல்லும்போது அப்படி வரவில்லை. பாதியில் பேச்சு தடுமாறி, ஆல்பர்ட் தண்ணீர் பாட்டிலை நீட்ட, அதை வாங்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

காசிநாதன் கடப்பாரையைக் கீழே போட்டார். "எங்களயெல்லாம் என்ன, கேனப்பசங்கன்னு நெனச்சீங்களா?" அவர் மூஞ்சியும் தொங்கிப் போயிருந்தது. கலியம்மாளைத் தெருக்கூட்டத்தில் நிற்க வைத்துப் பேசியவர் அவர்தானே.

வளர்மதி அழுதுவிட்டாள். "அப்ப சோப்பு போட்டுக் கை கழுவச் சொன்னது? அதுவும் பொய்யா மேடம்? எங்க மாமியாருகிட்ட சண்ட போட்டுக் கழுவ வச்சேனே!"

இல்லைம்மா, அது நிஜம் என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. எதற்கு நம்ப வேண்டும்?

கலியம்மாள் மண்கூடையை இறக்கி வைத்தாள். திட்டியிருக்கலாம். அடித்திருந்தால்கூட நின்றிருப்பேன்.

அப்போது உள்ளேயிருந்து முத்துசாமி ஏதோ கேட்டார். வாய் கோணினதால் அவர் பேச்சு சட்டென்று புரியாது. எல்லோரும் அமைதியானோம். மறுபடி கேட்டார்.

"அப்ப நான்... ராத்திரி சோறு திங்கலாமா?"

கலியம்மாள் உள்ளே ஓடிவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஆபீஸில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், சென்னைக்கும் ஒரு நகல். ஜெயப்பிரகாஷ் சார் படித்துவிட்டு, "என்கிட்ட மொதல்லயே சொன்னீங்கன்னும் எழுதியிருக்கீங்களே மேடம்" என்றார். ஆமாம், நடந்ததைத்தானே எழுதினேன். அவர் முகம் செத்துப் போயிருந்தது. பாவம் என்றும் தோன்றியது, தோன்றாமலும் இருந்தது.

இனிமேல் நான் பயிற்சி எடுக்கக் கூடாது. கணக்கெடுப்புப் படிவம் வாங்கி வரும் வேலை. வேலையே போகும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

வளர்மதி போன். நலம் விசாரிக்கவில்லை. "நாங்க அஞ்சு பேரும் பயிற்சில குடுத்த பாட்டில்லயே ஆளுக்கு ஒண்ணு புடிச்சு, பேரெழுதி ஒட்டி, அஞ்சு வூட்டுல வச்சோம். ஒண்ணுகூடக் கறுக்கல. உங்கள நம்பிச் சொல்லல மேடம், நாங்களே பாத்துட்டோம்." வைத்துவிட்டாள்.

நான் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்த ஒன்றாவது இருக்கிறது. அதைக்கூட இப்போது சந்தோஷமாக நினைத்துக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 27, வியாழன்

அந்த பாட்டிலைக் காட்டிய மற்ற ஊர்கள் பதினொன்று. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன், என் சொந்த லீவில். இன்றைக்கு நாலாவது. ஒரு பாட்டி, "அதுக்கென்னம்மா, நல்லதுக்குத்தானே சொன்ன" என்றார். அப்படிச் சொல்லாதீங்க என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

படிவம் வாங்க நாவக்கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், ஆள் இல்லை.

கிராமத்துக்குப் போகும் நாளில் நாங்கள் யாரும் அதிகம் தண்ணீர் குடிக்க மாட்டோம். எங்கே போய் ஒதுங்குவது? இன்றைக்கு வெயில் தாங்காமல் பஸ்ஸிலேயே ஒரு பாட்டில் குடித்துத் தொலைத்தேன். நாலு வீடு முடிப்பதற்குள் அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. இந்தத் தெருவில் போய், அதுவும் நான், எப்படிக் கேட்பேன்? படிவத்தைப் புரட்டுகிற மாதிரி வேப்ப மரத்தடியில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

கலியம்மாள் எதிரே தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். மார்ச் ஒன்பதாம் தேதிக்கப்புறம் அவள் என்னோடு பேசியதில்லை. நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு நான் செய்வதை விட்டுவிட்டேன்.

"அவசரமா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"பூட்டு இல்ல. போங்க." திரும்பி நடந்தவள் நின்று, "உள்ள தண்ணி கெடையாது. நீங்களேதான் அடிச்சுக்கணும்" என்றாள்.

வாளியை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன். நாலு பேர் குடத்தோடு நின்றார்கள். யாரும் முன்னால் விடவில்லை, நானும் கேட்கவில்லை. வரிசையில் கடைசியாக நின்றேன். என் முறை வந்ததும் பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்: "நல்ல தண்ணிதான் மேடம். பயப்படாம அடிங்க." யாரும் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் அடித்தேன்.

மூடியிருந்த குழியைத் திரும்பத் தோண்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பு கலந்த மண் இன்னும் பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. உள்ளே சுத்தமாக இருந்தது. கம்பியில் முத்துசாமியின் துண்டு தொங்கியது.

வெளியே வந்து வாளியைக் கழுவி, மறுபடி வரிசையில் போய் நின்று, அவருக்கு இருக்கட்டும் என்று இன்னொரு வாளி அடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கலியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.